கடையைப் பூட்டும் நேரம்

"ஸேர், ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டினால் வாற ஆள் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாரே?"

யாழ்ப்பாணத்தில் வாப்பாவின் கடையில் உதவிக்கு நிற்கும் என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. மீளக்குடியேறி, கடன்பட்டுக் கடை திறந்த குடும்பத்தின் கவலை அதில் இருந்தது.

இஸ்லாம் வியாபாரத்தைப் பழிக்கவில்லை. மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்குத் தமது சொத்தில் பாதியைத் தர ஸஅத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் முன்வந்தார்கள். அவரோ அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். உழைத்துப் பெரும் செல்வந்தரானார்கள்.

ஸூரத்துல் ஜுமுஆவின் 9ஆவது வசனம், ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிடச் சொல்கிறது. 10ஆவது வசனமோ, தொழுகை முடிந்ததும் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது. ஆகவே, இறைவனா செல்வமா என்பதல்ல கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் அழைத்தால் எது காத்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

எமது ஊருக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். இரும்புக்கடை, நகைக்கடை, தையற்கடை, வீடு என்று தலைமுறைகள் தேடிய யாவும் கைவிட்டுப் போயின. அது அப்பட்டமான அநீதி. இழந்ததற்கு நீதி கேட்பது எமது உரிமை. ஆனால் அன்று வெறுங்கையோடு போனவர்களைப் புத்தளத்து மக்கள் தம் உணவையும் இடத்தையும் பகிர்ந்து ஏற்றுக்கொண்டார்கள். பூட்டிவைத்த செல்வம் எமக்கு உதவவில்லை. பிறர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததே உதவியது.

அந்தக் கடனை நாம் மறக்கலாமா? ஸகாத் கடமையான வியாபாரி வருடத்துக்கு ஒருமுறை, விற்பனைக்குள்ள சரக்கின் அன்றைய பெறுமதியையும் கையிருப்பையும் கணக்கிட்டு, இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். பத்து இலட்சத்துக்கு இருபத்தையாயிரம் ரூபா. ஜும்ஆவுக்குப் பூட்டாத கடையில் இந்தக் கணக்கும் பிந்திப்போவதுண்டு.

மாணவனிடம் சொன்னேன்: "போற வாடிக்கையாளர் போகட்டும் மகன். ரிஸ்க் தாறவன் அல்லாஹ். தொழுதிட்டு வந்து கடையைத் திற. நிறுவையில் நேர்மையாக இரு. ஆட்கள் தேடி வருவாங்க."

எமது உழைப்பில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.