"த... த... தக்கரை!" - கேலி செய்யாதீர்கள்!
திக்கு வாயும் மழலையும் சேர்ந்தால் என்ன செய்வது?

"த... த... தக்கரை குடுங்க!"

சர்க்கரை வாங்க வந்த சிறுவன் இப்படிக் கேட்டால், கடையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். மறுநாள் "கடைக்குப் போக மாட்டேன்" என்று அடம் பிடிக்கிறான். வீட்டில் அடி விழுகிறது.

இவனுக்கு 2 கோளாறு. ஒன்று திக்கு வாய். இன்னொன்று, "ச" வர வேண்டிய இடத்தில் "த" வருவது. திக்கும் குழந்தைகளில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

அதட்டினால் ஆபத்து

"ஒழுங்கா சொல்லுடா!" என்று அதட்டினால் திக்கு கூடி விடலாம். அதனால் பேச்சுப் பயிற்சியில் முதல் பாடம் பெற்றோருக்குத்தான்! நிதானமாகப் பேச வேண்டும். பையன் முடிக்கும் வரை குறுக்கிடக் கூடாது. "தக்கரை" என்றால், "ஓ, சர்க்கரையா?" என்று சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும்.

பிறகு விளையாட்டுப் போலவே "ச" பயிற்சி. முதலில் ஒலி, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம்.

வசம்பு பலிக்குமா?

நாக்கில் வசம்பு தேய்த்தால் திக்கு போகாது. வாயில் கூழாங்கல் போடுவது உயிருக்கே ஆபத்து.

திக்கு பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. பலருக்குத் தானே மறைகிறது. எழுத்துக் கோளாறும் இருந்தால் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். "தானா சரியாப் போயிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

எங்கே போவது?

மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும், சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் பயிற்சி உண்டு.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிரிக்காமல், அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். அப்புறம் பொட்டலம் கட்டுங்கள்!