கறுப்புப் புள்ளியும் பத்தாயிரம் அடியும்

தம்மைத் திருத்திக்கொள்வதென்று சங்கற்பம் செய்துகொண்டவர் முதலில் செய்கிற காரியம், பெரும்பாலும், கடைக்குப் போவதுதான். கட்டம் போட்ட நாட்குறிப்பு, மணிக்கு இவ்வளவு என்று அளவு பொறித்த தண்ணீர்ப் புட்டி, கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறைகள் கொண்ட மாத்திரை டப்பா, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடந்த அடிகளை எண்ணும் கருவி, இவற்றோடு சுயமுன்னேற்றப் புத்தகம் ஒன்று என்று பை நிறைந்துவிடுகிறது; சுபாவம் மாத்திரம் பழைய இடத்தை விட்டு அசைவதில்லை. இதைச் சொல்லி நகைப்பது சுலபம். ஆனால் இந்தச் சாமான்களில் சில மெய்யாகவே பலன் தருகின்றன. விசித்திரம் என்னவென்றால், அவை பலன் தருவதற்கு விற்பவர் சொல்லுகிற காரணம் ஒன்றாகவும், ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் வேறொன்றாகவும் இருக்கிறது.

புத்தகங்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிறைவாசத்தில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அது 1909இல் வெளிவந்தது. ஆலனுடைய வேறு சில நூல்களையும் அவர் பின்னர் தமிழுக்குக் கொண்டுவந்தார். அத்தகைய மனிதருக்கு ஆறுதலாக இருந்த நூல்வகையை அற்பம் என்று ஒதுக்க நாம் யார்? இருப்பினும், புத்தகம் எழுப்புவது ஆசையைத்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு எந்த இடத்தில் நின்றுகொண்டு எதைச் செய்வது என்பதைப் பற்றி அது பெரும்பாலும் மௌனமாகவே இருந்துவிடுகிறது.

இந்தக் குறையை நன்றாக உணர்ந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திவந்த இளம்பிராயத்தில், மிதமான ஊண், மௌனம், ஒழுங்கு, சிக்கனம் என்று பதின்மூன்று குணங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, சிறு குறிப்பேடு ஒன்றில் குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, சிவப்பு மையினால் கிழமைகளுக்கு ஏழு பத்தியும் குணங்களுக்குப் பதின்மூன்று வரிசையும் இழுத்து, ஒவ்வோர் இரவும் அன்று தவறிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பது அவருடைய வழக்கம். பதின்மூன்றையும் ஒரே நாளில் வென்றுவிட அவர் முயலவில்லை. வாரத்துக்கு ஒரு குணத்தில் மாத்திரம் விசேஷ கவனம் செலுத்தினார். அவ்வாறு செய்தால் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிப்போகவே, யானைத் தந்தத்தாலான ஏடுகளில் அழியாத சிவப்புக் கோடுகளை இழுத்து, புள்ளிகளைப் பென்சிலால் வைத்து, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொள்ளும்படி மாற்றிக்கொண்டார். பணிவு என்னும் பதின்மூன்றாவது குணம் முதற்பட்டியலில் இல்லை என்பதும், அவருக்குக் கர்வம் இருப்பதாக நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே அது சேர்ந்தது என்பதும் அவரே ஒப்புக்கொண்ட விஷயங்கள். 1784இல், எழுபத்தெட்டு வயதில், பாரிஸுக்கு அருகில் பாஸி என்னுமிடத்தில் தங்கியிருந்தபோது இவற்றையெல்லாம் சுயசரிதத்தில் எழுதியவர், ஒழுங்கு என்கிற குணம் தமக்குக் கடைசிவரை கைகூடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்த ஏட்டின் பிரயோஜனம் மனோபலத்தைக் கூட்டியதில் இல்லை. பகல் முழுவதும் கண்ணுக்குப் படாமல் நழுவிப்போகிற தவற்றை, இரவில் ஒரு புள்ளியாகக் கண்முன் நிறுத்தியதில் இருக்கிறது.

இனி, இருபத்தொரு நாள். ஒரு காரியத்தை இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்று எத்தனையோ புத்தகங்களும் மேடைப் பிரசங்கிகளும் ஆணையிட்டுச் சொல்லுகிறார்கள். இதன் மூலத்தைத் தேடிப் போனால், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் நியூயார்க் நகரத்து முகச்சீரமைப்பு அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்தில் போய் நிற்கிறோம். அறுவைக்குப் பின் நோயாளிகள் தம் புதிய முகத்துக்குப் பழகிக்கொள்ளக் குறைந்தது சுமார் இருபத்தொரு நாள் ஆகிறது என்பது அவருடைய அனுபவம். 'குறைந்தது' என்பதும் 'சுமார்' என்பதும் வழியில் உதிர்ந்துபோய், கண்ணாடியில் முகம் பார்ப்பதற்குச் சொன்ன கணக்கு, விடியலில் எழுவதற்கும் சர்க்கரையைக் குறைப்பதற்கும் உரிய விதியாகிவிட்டது!

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் இதை நேரில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பகல் உணவோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் சற்று ஓட்டம் என்பன போன்ற காரியங்களில் ஒன்றைத் தாமே தேர்ந்துகொண்ட 96 பேர், நாள்தோறும் ஒரே குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில் அதைச் செய்து, எவ்வளவு தூரம் அது யோசனையின்றி நிகழ்கிறது என்பதை 84 நாள் பதிவு செய்தார்கள். நன்கு கணிக்க முடிந்தவர்களில் நடுத்தரமானவருக்கு 66 நாள் பிடித்தது. விரைவில் பழகியவருக்கு 18 நாள். மிகவும் தாமதித்தவருக்கு 254 நாள். இக்கடைசி எண், 84 நாள் கணக்கின் போக்கைக் கொண்டு அனுமானித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகப் பொது எண் என்று ஒன்று இல்லை. அந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு: இடையில் ஒரு நாள் தவறிப்போனதனால் பழக்கம் உருவாவதற்குக் குறிப்பிடத்தக்க பங்கம் எதுவும் நேரவில்லை.

ஒரே சந்தர்ப்பம் என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் எலிகளைக் கொண்டு விளக்கியிருக்கிறார். சிறு பாதையொன்றில் எலி ஓடப் பழகும் ஆரம்ப நாட்களில், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டம் நெடுகிலும் கிளர்ச்சியோடு இருக்கின்றன. பழகிய பிறகோ, அக்கிளர்ச்சி பெரிதும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒதுங்கிவிடுகிறது. இடையிலுள்ள செயல்கள் ஒரே கோவையாகிவிடுகின்றன. அக்கோவையை அவிழ்த்துவிடுவது தொடக்கத்துச் சைகை. மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைப்பவர் இதை அறியாமலே அனுஷ்டிக்கிறார். அதோடு, 'இன்றைக்குச் சாப்பிட்டேனா?' என்ற வயோதிகரின் நித்திய சந்தேகத்துக்கும் அந்த டப்பா விடை சொல்லிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, ஒரு நாள் தவறினால் அதுவரை சேர்த்த நாட்களையெல்லாம் சூன்யமாக்கிவிடும் கைப்பேசிச் செயலிகள் சிலவற்றைக் காண்கிறேன். லாலியின் முடிவைப் படித்தவர் அவற்றை வகுத்திருக்க மாட்டார்.

பத்தாயிரம் அடி என்பதும் வியாபாரத்தில் பிறந்த எண்தான். டோக்கியோ ஒலிம்பிக் நடந்ததற்கு மறுவருஷம், 1965இல், யாமாசா என்னும் ஜப்பானியக் கம்பெனி 'மான்போ-கெய்' என்ற பெயரில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி என்ற இலக்கு அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. எண் முந்திக்கொண்டது, பரீட்சை பிந்தி வந்தது. ஐ-மின் லீ என்னும் ஹார்வர்டு விஞ்ஞானியின் குழுவினர், சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை ஒரு வாரம் அளந்து, பின்னர் நான்கு வருஷங்களுக்கு மேல் அவர்களைக் கண்காணித்து, 2019இல் கண்டது இது: நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது, ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் அது மேலும் குறையவில்லை. நன்றாக நடக்க முடிந்தவர்கள் இயல்பாகவே ஆரோக்கியமுள்ளவர்களாக இருக்கலாம் என்பதால் நன்மை முழுவதையும் நடையின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. ஆயினும் பத்தாயிரத்தை எட்டாதவர் துக்கப்பட வேண்டியதில்லை.

எண் பொய்யென்றால் கருவியும் பொய்யா? அதுதான் இல்லை. 2007இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த மருத்துவர்கள் இருபத்தாறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருவியை அணிந்தவர்களின் நடமாட்டம் முன்பைவிட ஏறத்தாழ 27 சதவீதம் அதிகமாகியிருந்தது. அதிலும் ஒரு நுட்பம்: அடிக்கணக்கில் இலக்கு ஒன்றை வைத்துக்கொண்டவர்களிடமே இந்த ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது, இலக்கின்றி வெறுமனே அணிந்துகொண்டவர்களிடம் சொல்லத்தக்க மாறுதல் இல்லை.

பழைய கருவியினுள் இருந்தது, வில்கம்பியில் தொங்கும் சிறு நெம்புகோல்; நடக்கையில் இடுப்பு ஏறி இறங்குவதற்கேற்ப அது ஆடி ஓர் எண்ணைத் தள்ளும். இன்றைய கைப்பேசிக்குள், கண்ணுக்குப் புலனாகாத சிலிக்கன் துணுக்கு ஒன்று அதே வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் ஒரே பலவீனம்: கால் இழுத்து மெல்ல நடக்கிறவரின் அடிகளில் பலவற்றை இவை கவனியாமல் விட்டுவிடும். அதாவது, இன்னும் ஓராயிரம் அடி யாருக்கு மிகவும் பயன்படுமோ, அவருடைய கணக்கில்தான் கருவி கஞ்சத்தனம் காட்டுகிறது. வீட்டிலுள்ள முதியவருக்கு இதை வாங்கிக் கொடுப்பவர்கள், கூடவே நடந்து நூறு அடிகளை வாய்விட்டு எண்ணி, கருவி எத்தனை காட்டுகிறது என்று ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது.