மின் வேலைக்குப் போன பிள்ளை பொறியியலாளர் ஆன கதை

2014 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். சூரிச் மாநிலத்தில் வசிக்கும் எனது நண்பர் ஒருவர் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி எடுத்தார். உணவகத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு எடுத்திருக்கிறார்.

"அண்ணை, மகள் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சிருக்கிறாள். கையெழுத்துப் போடட்டாம். நான் போடமாட்டன்."

அந்தக் கடதாசி ஒரு தொழிற்பயிற்சி ஒப்பந்தம். 'லேரே' என்று இங்கே சொல்கிறார்களே, அதுதான். மின் இணைப்பு வேலையில் நான்கு வருடப் பயிற்சி. பிள்ளைக்கு வயது பதினைந்து. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்பதால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது. ஆறாம் வகுப்பில் ஒருமுறை, செக்குண்டார் இரண்டாம் ஆண்டில் ஒருமுறை என்று இரண்டு தடவை கிம்னாசியப் பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் சிறு புள்ளி வித்தியாசத்தில் தவறவிட்டிருந்தார்.

"பதினெட்டு வருசம் நான் கோப்பை கழுவினது, பிள்ளை வயர் இழுக்கிறதுக்கோ?" என்று நண்பர் கேட்டார். அவரது கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் உயர்தரம் படித்தவர். 1995 இடப்பெயர்வோடு அந்தப் படிப்பு நின்றுபோனது. தான் தவறவிட்ட வாசலால் மகள் போகவேண்டும் என்பதே அவரது ஆசை.

நான் சொன்னது ஒன்றுதான். "போடாமல் விடுறதெண்டாலும் போய்ப் பார்த்திட்டு விடும்."

உணவகம் பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை, அவர் மகளோடு அந்த நிறுவனத்துக்குப் போனார். பயிற்சி கொடுப்பவர் அவர்களைச் சூரியத் தகடுகள் பூட்டிய ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய், நிலவறையில் சுவரில் மாட்டியிருந்த பெட்டியொன்றைக் காட்டினார். இது என்ன என்று தகப்பன் கேட்க, மகள் தமிழில் விளங்கப்படுத்தினார். தகட்டில் இருந்து வருவது நேரோட்டம், வீட்டுக்கு வேண்டியது ஆடலோட்டம், இந்தப் பெட்டி ஒன்றை மற்றதாக மாற்றுகிறது என்று.

நண்பர் பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். ஆடலோட்டத்தை டயோட் போட்டு நேரோட்டமாக்கினாங்கள். இவையள் அதையே மற்றப்பக்கமாச் செய்யினம். அவ்வளவுதான்."

1990 முதல் வருடக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எவருக்கும் இது விளங்கும். ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் நாங்கள். ஒரு துளி சக்தியின் பெறுமதியை எங்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அன்றிரவு அவர் கையெழுத்துப் போட்டார். முழுமனதோடு போட்டார் என்று சொல்லமாட்டேன்.

லேரே முட்டுச்சந்து அல்ல

எமது பெற்றோர் பலர் நினைப்பது, கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம், லேரே போனால் வாழ்நாள் முழுதும் கைவேலை என்று. ஊரில் பரீட்சை தவறினால் வழி அடைபட்டது உண்மை. இந்நாட்டில் அப்படியல்ல. சுவிஸ் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியாகவே போகிறார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் வேலைத்தளத்தில், மிகுதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பாடசாலையில். சிறிய சம்பளமும் உண்டு.

கவனிக்கவேண்டியது 'பெறூவ்ஸ்மத்தூரா' என்னும் தொழில்சார் மத்தூரா. இதை லேரே செய்யும்போதே சேர்த்துப் படிக்கலாம். அல்லது லேரே முடித்த பின் ஒரு வருடம் முழுநேரமாகவோ, அதைவிடக் கூடிய காலம் பகுதிநேரமாகவோ படிக்கலாம். அது கையில் இருந்தால் 'ஃபாக்ஹோக்சூல' எனப்படும் உயர் தொழிற்கல்லூரியில், தனது தொழிலோடு சேர்ந்த துறைக்கு நுழைவுப் பரீட்சை இல்லாமலே போகலாம். கிம்னாசியம் முடித்த பிள்ளை அதே கல்லூரிக்குப் போவதென்றால் பொதுவாக முதலில் ஒரு வருட வேலை அனுபவம் பெறவேண்டும். வயர் இழுத்த பிள்ளையிடம் அந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது.

பல்கலைக்கழகமோ சூரிச் ஈ.ரி.எச். என்னும் தொழில்நுட்ப உயர்பீடமோதான் வேண்டும் என்றாலும் வழி உண்டு. தொழில்சார் மத்தூராவுக்குப் பின் 'பசரெல்' என்ற மேலதிகப் பரீட்சையில் சித்தியடைந்தால் அந்தக் கதவும் திறக்கும். பலர் அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆயத்தம் செய்கிறார்கள்.

நண்பரின் மகள் 2015 ஆவணியில் லேரே தொடங்கி, தொழில்சார் மத்தூராவையும் சேர்த்தே படித்தார். சுகமாக இருக்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்புவது, மார்கழிக் குளிரில் கட்டி முடியாத வீட்டில் சுவர் துளைப்பது, இரவில் கணக்குச் செய்வது. 2019 இல் இரண்டையும் முடித்து, சக்தி, சுற்றாடல் தொழில்நுட்பம் படிக்க உயர் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். முதல் செமஸ்டரில் கணிதப் பாடமொன்றில் சறுக்கி, அதைத் திரும்ப எழுதினார். வாரத்தில் இரண்டு நாள் பழைய நிறுவனத்தில் வேலை செய்தே செலவைச் சமாளித்தார். பகுதிநேரப் படிப்பு என்பதால் நான்கு வருடம் எடுத்தது. 2023 இல் பட்டம் பெற்றார்.

ஏன் இந்தத் துறை?

நிலைபேறான பொறியியல் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எமது தேவையை நிறைவேற்றவேண்டும். அதே வேளை எமது பேரப்பிள்ளைகளின் தண்ணீரையும் காற்றையும் நாமே தின்று முடித்துவிடக்கூடாது. கட்டடம், மின்சாரம், நீர், கழிவு, போக்குவரத்து என்று எந்தப் பொறியியலிலும் இந்தக் கணக்கு வரும்.

சுவிசில் இந்தத் துறைக்கு வேலை பெருகுவதற்குச் சட்டமே காரணமாக இருக்கிறது. 2050 ஆம் ஆண்டளவில் காலநிலையைக் கெடுக்கும் வாயுக்களின் நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்கவேண்டும் என்ற சட்டத்தை 2023 ஆனி 18 வாக்கெடுப்பில் 59.1 வீதமானோர் ஏற்றார்கள். 2024 ஆனி 9 இல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கூட்டும் சட்டத்துக்கு 68.7 வீதமானோர் ஆம் என்றார்கள். மியூலபேர்க் அணுமின் நிலையம் 2019 மார்கழியில் மூடப்பட்டுவிட்டது. நாட்டின் சக்திப் பாவனையில் சுமார் 40 வீதம் கட்டடங்களுக்கே போகிறது.

நண்பரின் மகள் இன்று செய்யும் வேலை இதுதான். எண்ணெயில் சூடாக்கும் பழைய வீடுகளுக்கு வெப்பப் பம்பியும் கூரைத் தகடும் திட்டமிடுகிறார். வெப்பப் பம்பி வெளியில் உள்ள காற்றில் அல்லது நிலத்தில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தருவது. ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும். எந்தக் கூரை எந்தத் திசை, எவ்வளவு நிழல், பழைய வயர் தாங்குமா என்பதெல்லாம் கணக்குப் பார்க்கவேண்டும். வயர் தாங்குமா என்பதை அவர் கையால் தொட்டுப் படித்தவர். அதனால் அவர் வரைந்த படத்தை வேலைத்தளத்தில் எவரும் திருப்பி அனுப்புவதில்லை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு

பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் இங்கு வந்து, ஜேர்மன் மொழி இன்னும் சரியாக வராவிட்டாலும் காலம் கடந்துவிடவில்லை. அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும் எஃப் அனுமதி உள்ளவர்களுக்கும் 2018 முதல் ஒரு வருட 'ஒருங்கிணைப்பு முன்பயிற்சி' உண்டு. மொழியையும் தொழிலின் அடிப்படையையும் படிப்பித்து, லேரே தொடங்க ஆயத்தம் செய்வது அது. எஃப் அனுமதி உள்ளவரை வேலைக்கு எடுக்க 2019 முதல் தனி அனுமதி தேவையில்லை, அறிவித்தலே போதும். இதைத் தெரியாத முதலாளிகள் இருப்பார்கள். நீங்கள் தெரிந்து வைத்திருந்து சொல்லுங்கள்.

2024 ஆவணியில் சூரியத் தகடு பூட்டும் தொழிலுக்கென்றே இரண்டு புதிய லேரே தொடங்கப்பட்டன. ஒன்று மூன்று வருடம், மற்றது இரண்டு வருடம். மொழியிலும் படிப்பிலும் பின்தங்கிய பிள்ளைக்கு இரண்டு வருடப் பயிற்சி நல்ல முதற்படி. அதை முடித்தபின் மேலே போகலாம்.

பெற்றோர் செய்யவேண்டியவை சில உண்டு. செக்குண்டார் இரண்டாம் ஆண்டிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு 'பிட்ஸ்' என்னும் தொழில் தகவல் நிலையத்துக்குப் போங்கள். விடுமுறையில் 'ஸ்னுப்பர்' என்ற சில நாள் அறிமுக வேலைக்குப் பிள்ளையை விடுங்கள், ஒன்றல்ல, இரண்டு மூன்று தொழில்களுக்கு. கணிதத்தை எக்காரணம் கொண்டும் கைவிடாமல் பாருங்கள். பொறியியலுக்கு எந்த வாசலால் போனாலும் அங்கே கணிதம் காத்திருக்கும். முக்கியமாக, பிள்ளைக்கு விருப்பம் இல்லாத இடத்தில் எமது பழைய ஆசையைத் திணிக்காதீர்கள்.

என் நண்பர் இன்றும் உணவகத்தில்தான் வேலை செய்கிறார். ஆனால் ரயிலில் போகும்போது ஜன்னலால் கூரைகளைப் பார்த்து, "இது தெற்குப் பக்கம், நல்ல கூரை, வீணாய்க் கிடக்குது" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டு போகிறார்.

உங்கள் வீட்டு மேசையிலும் அப்படியொரு கடதாசி கிடக்கலாம். மறுக்க முன்னர், ஒரு திங்கட்கிழமை பிள்ளையோடு போய்ப் பாருங்கள்.