உருளும் இல்லம்

வீடு என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பது என்பதே பொதுவான எண்ணம். அடித்தளமும் சுவரும் கூரையும் அசையா என்ற நம்பிக்கையிலேயே நாற்காலியும் மேசையும் எவ்விதக் கட்டுமின்றித் தரையில் வைக்கப்படுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளிலோ காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வீடுகளை நாள்தோறும் காணலாம். அவற்றை அந்நாட்டினர் 'டிராவல் டிரெய்லர்' என்பர். தமிழில் இழுவை இல்லம் எனலாம். இதற்குத் தனி எஞ்சின் கிடையாது. முன்னே செல்லும் வண்டியின் கொக்கியில் பூட்டப்பட்டு, அதன் போக்கிலேயே இதுவும் செல்லும். ஆயினும் இதனுள் கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை, வெந்நீர் ஆகிய அனைத்தும் உண்டு.

1930ஆம் ஆண்டுகளில் வாலி பையம் என்பவர் கலிபோர்னியாவில் 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் பெயரில் இத்தகைய இல்லங்களைச் செய்து விற்றார். அவருடைய நிறுவனம் 1936இல் வெளியிட்ட 'கிளிப்பர்' பளபளக்கும் அலுமினிய உடலும் வளைந்த முனைகளும் கொண்டது. அவ்வடிவம் இன்றளவும் தொடர்ந்து வருகிறது. 1969ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிலவிலிருந்து திரும்பிய நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின், மைக்கேல் காலின்ஸ் ஆகிய மூவரும் முதலில் தங்கவைக்கப்பட்டது, சக்கரங்கள் அகற்றி மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் இல்லத்திலேதான். நிலவிலிருந்து நோய்க்கிருமிகள் ஏதேனும் வந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தால் அவர்கள் அதனுள் தனிமைப்படுத்தப்பட்டனர். 'ஹார்னெட்' என்னும் கப்பலின்மேல் நின்ற அவ்வில்லத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றபடியே குடியரசுத் தலைவர் நிக்சன் அவர்களை வரவேற்றார்.

நிலையான வீட்டில் குடியிருப்போர் எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத சில வேலைகளை இழுவை இல்லத்தில் தம் கையாலேயே செய்தாக வேண்டும். அதிலும், செய்ய வேண்டிய வரிசையில் செய்ய வேண்டும். இதற்குத் தக்க இரண்டு சான்றுகள் அறைகலன்களைப் பிணைப்பதும் வெந்நீர்க் கலனை இயக்குவதும் ஆகும்.

அறைகலன்களைப் பிணைத்தல்

ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணியர் முன்னோக்கிச் சாய்வர். இயங்கும் பொருள், வெளிவிசை தடுக்கும்வரை, தன் போக்கிலேயே தொடர்ந்து இயங்க முயலும் என்பது நியூட்டனின் முதல் விதி. இத்தன்மையை நிலைமம் என்பர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இழுவை இல்லத்தில் வைக்கப்பட்ட நாற்காலியும் அதே வேகத்தில்தான் சென்றுகொண்டிருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும். நாற்காலிக்கு அச்செய்தி தரையின் உராய்வு வழியாக மட்டுமே எட்டும். வழவழப்பான தரையில் அவ்வுராய்வு மிகக் குறைவு.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். அவ்வேகத்தில் செல்லும் ஒரு பொருளின் இயக்க ஆற்றல், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அப்பொருள் பெறும் ஆற்றலுக்குச் சமம். அஃதாவது, கட்டப்படாத நாற்காலி முன்சுவரில் முழுவேகத்தோடு மோதினால் அது நான்காம் மாடியிலிருந்து தரையில் விழுந்ததை ஒக்கும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓடும்போது இழுவை இல்லத்தினுள் ஆள்கள் அமர்ந்து செல்வதை அமெரிக்காவின் பல மாநிலங்கள் தடைசெய்திருப்பது இதனாலேயே பொருத்தமாகிறது.

ஆளில்லாவிடினும் சேதம் சேதமே. சரிந்த அலமாரி உட்புறம் கதவை அடைத்துக்கொண்டால், ஊர்சேர்ந்த பின் வீட்டுக்காரர் தம் வீட்டிற்குள்ளேயே நுழைய இயலாது. உருண்ட பொருள் அடுப்பின் எரிவாயுக் குழாயை நெளித்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

ஆகவே தொழிற்சாலையிலேயே கட்டிலும் இருக்கையும் அலமாரியும் தரையோடும் சுவரோடும் திருகாணிகளால் இறுக்கப்பட்டே வருகின்றன. உணவு மேசையைத் தாழ்த்தி, இருபுறத்து மெத்தைகளையும் அதன்மேல் பரப்பினால் அதுவே படுக்கையாகும்படி அமைத்திருப்பர். சிக்கல் தொடங்குவது, வாங்கியவர் தம் விருப்பப்படி புதிய சாய்வு நாற்காலியையோ புத்தக அலமாரியையோ உள்ளே கொண்டுவரும்போதுதான்.

சுவர் இருக்கிறதே, அதில் திருகாணியை முடுக்கினால் போதாதா என்று தோன்றலாம். போதாது. இழுவை இல்லத்தின் உட்சுவர் சில மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய பலகை. அதில் மட்டும் முடுக்கிய ஆணி, முதல் குலுக்கலிலேயே பலகையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். பலகைக்குப் பின்னால் மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன சட்டங்கள் குறிப்பிட்ட இடைவெளிகளில் நிற்கும். அவற்றைத் தேடிக் கண்டு, அவற்றிலேயே ஆணியை முடுக்க வேண்டும். தரையில் துளையிடும்போது வேறுவகை எச்சரிக்கை தேவை. தரையின் அடியில் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் குழாய்களும் மின்கம்பிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். கீழே என்ன இருக்கிறது என்று பாராமல் துளைப்பவர் நாற்காலியைக் காப்பாற்றித் தொட்டியை இழப்பர்.

நிலையாகப் பிணைக்க விரும்பாதவர் தரையில் உறுதியான வளையங்களைப் பொருத்தி, பயணத்தின்போது மட்டும் அறைகலனை அவற்றோடு வார்ப்பட்டையால் இறுகக் கட்டுவர். ஒரு பக்கம் மட்டும் கட்டுவது பயன்தராது. பிரேக்கின்போது பொருள் முன்னே செல்லும், வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கும், பள்ளத்தில் மேலே எழும். மூன்று திசைகளுக்கும் கட்டு வேண்டும்.

கட்டுவதோடு எடையின் இருப்பிடமும் முதன்மையானது. பளுவான பொருள்கள் தாழ்வாகவும் சக்கர அச்சுக்கு அருகிலும் இருத்தல் நன்று. முழு எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்வண்டியின் கொக்கிமேல் அமைய வேண்டும் என்பது பொதுவான அளவு. பின்புறம் பளு மிகுந்தால் கொக்கிமேல் எடை குறைந்து, நாயின் வாலைப்போல இல்லம் இருபுறமும் ஆடத் தொடங்கும். அவ்வாட்டம் முற்றினால் முன்வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

சிறுபொருள்களுக்கு எளிய வழிகள் உள்ளன. தட்டுகளுக்கும் குவளைகளுக்கும் அடியில் ரப்பர் விரிப்பு இடுவர். அலமாரிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் தாழ்ப்பாள் உண்டு. ஊர்சேர்ந்ததும் மேல் அலமாரியை மெல்லவே திறப்பர். வழியில் சரிந்த பொருள்கள் கதவின்மேல் சாய்ந்து காத்திருக்கும்.

நீர் முன், நெருப்புப் பின்

தில்லி, சண்டிகர் போன்ற ஊர்களில் குளிர்காலத்தைக் கழிப்போர் கீசரை நன்கு அறிவர். இழுவை இல்லத்திலும் அத்தகைய கலன் ஒன்று உண்டு. பெரும்பாலும் அது 6 கேலன், அஃதாவது ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும். மின்வசதி இல்லாத காட்டிலும் மலையிலும் தங்க நேரும் என்பதால், அது புரோப்பேன் என்னும் எரிவாயுவாலும் இயங்கும். பல கலன்களில் இரண்டு வசதிகளும் இருக்கும். 15 டிகிரி செல்சியசு நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, எரிவாயுவில் ஏறத்தாழ அரைமணி நேரமும், 1440 வாட் மின்சூடேற்றியில் ஏறத்தாழ 50 நிமிடங்களும் ஆகும்.

நிலையான வீட்டுக் கீசர் ஆண்டு முழுதும் நிறைந்தே இருக்கும். குடியிருப்போர் அதைப் பற்றிக் கவலைகொள்வதில்லை. இழுவை இல்லத்தின் கலனோ அடிக்கடி காலியாக்கப்படுவது. அமெரிக்காவின் வடபகுதிகளில் குளிர்காலத்தில் நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து குழாய்களை வெடிக்கச் செய்யும். எனவே அக்காலத்தில் கலனிலுள்ள நீரை வடித்துவிட்டு, குழாய்களில் மட்டும் உறையாத் திரவத்தை நிரப்பி வைப்பர். அத்திரவம் கலனுக்குள் சென்று வீணாகாமல் இருக்க, கலனைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி ஒன்றை ஓர் அடைப்பிதழால் திறந்துவிடுவர்.

இளவேனிலில் பயணம் தொடங்குவோர் தடுமாறும் இடம் இதுவே. மாற்றுவழியை மூட மறந்து தண்ணீரை இணைத்தால் வெந்நீர்க் குழாயிலும் நீர் தாராளமாக வரும். அதைக் கண்டு கலன் நிறைந்துவிட்டது என்று எண்ணுவர். உண்மையில் அந்நீர் கலனைத் தொடாமலே சுற்றிக்கொண்டு வந்தது. கலன் வெறுமையாகவே இருக்கும். அந்நிலையில் மின்பொத்தானை அழுத்தினால், நீரில் மூழ்கியிருக்க வேண்டிய சூடேற்றிக் கம்பி சிறிது நேரத்தில் எரிந்து பழுதாகும். எரிவாயுவைப் பற்றவைத்தால் கலனே கெடும்.

இதைக் கண்டறிய ஒரு நல்ல வழி உண்டு. முதலில் அடைப்பிதழின் நிலையை நேரில் பார்க்க வேண்டும். பின்பு வெந்நீர்க் குழாயைத் திறந்தால், காலியான கலன் நிறையும்வரை காற்றே சீறி வரும், நீர் விட்டுவிட்டுத் தெறிக்கும். அச்சீற்றம் அடங்கி நீர் ஒரே சீராக ஒழுகிய பின்னரே கலன் நிறைந்தது எனக் கொள்ளலாம். வடித்து வைத்த கலனை நிரப்பும்போது சீற்றமே இன்றி உடனே நீர் வந்தால் அது மகிழ்ச்சிக்குரியதன்று, ஐயத்திற்குரியது.

நிறைந்த கலனுக்கும் ஒரு பாதுகாப்புத் தேவை. 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் 23 லிட்டர் நீர் ஏறத்தாழ 370 மில்லிலிட்டர் விரியும். குழாய்கள் மூடியிருக்க, அந்த இரண்டு குவளைக்கும் குறைவான நீர் கலனுக்குள் பேரழுத்தத்தை உண்டாக்கும். கலனின் மேற்பகுதியில் சிறிது காற்று தங்க விட்டிருப்பது அதைத் தாங்குவதற்கே. அதையும் மீறினால் பாதுகாப்பு அடைப்பிதழ் தானே திறந்து நீரை வெளியேற்றும். அதில் சிறிது சொட்டுவதைக் கண்டு எரிச்சலுற்று அதனை அடைத்துவிடுவது பெருந்தவறு.

எஃகுக் கலன்களுள் மக்னீசியக் கோல் ஒன்றும் இருக்கும். நீரின் அரிப்பு எஃகைவிட மக்னீசியத்தையே முதலில் தாக்கும் ஆதலால், கோல் தான் கரைந்து கலனைக் காக்கும். கரைந்து மெலிந்த கோலை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குமுன் நீரை ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். 60 டிகிரி வெப்பமுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும்.

எரிவாயுவின் இயல்பும் அறியத்தக்கது. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாமல் தரையோடு தேங்கும். அதனால் கசிவை உணர்த்தும் கருவியைத் தரையருகே பொருத்துவர். எரியும் சுடர் நீலமாக இருத்தல் வேண்டும். சுடர் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று போதவில்லை என்பது பொருள். எரிப்பானின் குழலில் சிலந்தி வலை பின்னுவது இதற்கு அடிக்கடி நேரும் காரணம். அத்துணைச் சிறிய உயிர் அத்துணைப் பெரிய வீட்டின் வெந்நீரை நிறுத்திவிடுகிறது!

காற்றுக் குறைவில் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் கலந்தால் மயக்கமும் இறப்பும் நேரும். அதனால் இழுவை இல்லத்தின் எரிப்பான் வெளிச்சுவரில் அமைந்து, காற்றை வெளியிலிருந்தே ஈர்த்து, புகையை வெளியிலேயே விடுகிறது. நம் நாட்டின் நகரங்களில் சாளரம் அடைத்த குளியலறைகளில் எரிவாயுக் கீசரைப் பொருத்தி, குளிர்காலக் காலையில் உயிரிழந்தோர் பலர். அங்கு வெளிச்சுவர் செய்யும் வேலையை இங்குத் திறந்த சாளரமும் முறையான புகைபோக்கியுமே செய்ய வேண்டும். கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துவது அதனினும் நன்று.

புறப்படும் நாளில் வரிசை தலைகீழாகும். முதலில் வெந்நீர்க் கலனை அணைப்பர். எரிபொருள் நிலையத்தில் வண்டி நிற்கும்போது சுடர் எதுவும் எரிந்துகொண்டிருத்தல் ஆகாது. அடுத்து எரிவாயு உருளையை மூடித் தண்ணீர்க் குழாயைக் கழற்றுவர். பின்பு உள்ளே சென்று நாற்காலிகளைக் கட்டி, ஒவ்வொரு தாழ்ப்பாளையும் கையால் இழுத்துப் பார்ப்பர். இறுதியாக ஒருவர் முன்வண்டியில் அமர்ந்து பிரேக்கை அழுத்த, மற்றொருவர் பின்னே நின்று இல்லத்தின் சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துக் குரல்கொடுப்பார்.