திமிர்வரி முதல் கொடியன்குளம் வரை: தூத்துக்குடி வட்டாரக் காவல் வரலாற்றில் கூட்டுப்பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதர் செய்த குற்றத்திற்கு அவர் சார்ந்த ஊரையோ சாதியையோ பொறுப்பாக்கும் வழக்கம் கூட்டுப்பொறுப்பு எனப்படும். தூத்துக்குடி வட்டாரத்தில் இவ்வழக்கம் பாளையக்காரர் காலக் காவல் முறையிலும், காலனியக் காவல் சட்டத்திலும், விடுதலைக்குப் பிந்தைய காவல் நடைமுறையிலும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்துள்ளது. 1895, 1908, 1995, 2018 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளை முன்வைத்து இத்தொடர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு மக்கட்பிரிவின் பொருளியல் நிலையோ ஓர் ஊரின் மக்கள் அமைப்போ மாறும் காலங்களில் இவ்வழக்கம் வலுப்பெறுவதையும், சட்டத்தின் ஆதரவை இழந்த பின்னும் அது நடைமுறையாக நீடிப்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தேசகாவல், தலக்காவல், தண்டக்காவல், திமிர்வரி, கழுகுமலை, கொடியன்குளம், கூட்டுப்பொறுப்பு.

முன்னுரை

தென்மாவட்டச் சாதி மோதல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு சமூகங்களுக்கு இடையிலான பகையை மையமாகக் கொண்டு அமைகின்றன. அவற்றில் காவல்துறை மோதலை அடக்க வந்த மூன்றாம் தரப்பாகவே இடம்பெறுகிறது. ஆனால் இவ்வட்டாரத்தில் காவல் என்பதே நெடுங்காலம் போட்டிக்குரிய உரிமையாக இருந்தது. யார் காப்பது, யாரைக் காப்பது, அதற்கான கூலியை யார் தருவது என்னும் வினாக்கள் மோதலுக்கு உள்ளேயே இருந்தன. ஆகவே காவல் முறையின் வரலாற்றைத் தனியே எடுத்து நோக்குவது தேவையாகிறது. காவல் நிலையங்களில் நிகழும் தனிமனித வதைகளும் உயிரிழப்புகளும் வேறு வகையைச் சார்ந்தவை. அவை இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை.

1. காவல் உரிமையும் ஊர்ப்பொறுப்பும்

பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் தேசகாவல், தலக்காவல் என இருவகைக் காவல்கள் வழங்கின. ஒரு பரப்பு முழுவதற்கும் வழிகளுக்கும் உரியது தேசகாவல். ஊருக்கு உரியது தலக்காவல். காவலுக்காகக் குடிகள் பணமாகவோ தானியமாகவோ கூலி அளித்தனர். களவு நேர்ந்தால் களவுபோன பொருளை மீட்டுத் தருவதோ அதற்கு ஈடு கட்டுவதோ காவற்காரரின் கடமை. பல ஊர்களில் இப்பணி மறவர் சமூகத்தாரிடம் மரபுரிமையாக இருந்தது. குற்றவாளி யார் என்பதைக் காட்டிலும் இழப்பை எந்த ஊர் ஏற்பது என்பதே இம்முறையில் முதன்மை பெற்றது.

கடற்கரையிலும் இதற்கு இணையான ஏற்பாடு இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கம் தழுவிய பரதவ சமூகத்தைப் போர்த்துகீசியரும், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்னர் வந்த ஆங்கிலேயரும் சாதித்தலைவர் வழியாகவே அணுகினர். முத்துக்குளிப்பில் அவருக்கெனப் படகுகளின் வருவாய் ஒதுக்கப்பட்டது. அரசு தனிமனிதருடன் நேரடியாகப் பேசவில்லை. சமூகத்துடன் அதன் தலைவர் மூலம் பேசியது. நிலத்தில் ஊரும் கடற்கரையில் சாதியும் அரசுக்குப் பொறுப்பேற்கும் அலகுகளாக விளங்கின.

1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின்னர்ப் பாளையக்காரரின் காவல் வருவாய்களைக் கும்பினி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்திற்குச் சம்பளம் பெறும் சீருடைக் காவற்படையை உருவாக்கியது. இப்படை அயர்லாந்துக் காவற்படையை முன்மாதிரியாகக் கொண்டது என்பதைச் சென்னை மாகாணக் காவல் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் அர்னால்டு எடுத்துக்காட்டியுள்ளார். உள்ளூர்க் காவலைக் கலைத்து அமைந்த இப்புதிய முறையிலும் கூட்டுப்பொறுப்புக்கு இடமிருந்தது. அமைதி குலைந்த ஊர்களில் கூடுதல் காவற்படையை நிறுத்தவும், அதன் செலவை அவ்வூர் மக்களிடமே தண்டவும் சட்டம் வழிசெய்தது. ஆவணங்களில் தண்டக்காவல் எனப்படுவது இதுவே. காவற்கூலி என்பது காவல் தண்டமாக மாறியது. கூலி பாதுகாப்புக்கு ஈடாகத் தரப்பட்டது. தண்டமோ குற்றம் சுமத்தப்பட்டவர் என்பதால் வாங்கப்பட்டது.

2. கழுகுமலை, சிவகாசி: நிலை மாறிய சமூகமும் அமைதிக்குலைவும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தின் மக்கள் அமைப்பு விரைந்து மாறியது. தூத்துக்குடி 1866இல் நகராட்சியானது. 1870களில் இருப்புப்பாதை துறைமுகத்தை எட்டியது. கரிசல் நிலப் பருத்தி ஏற்றுமதியும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலியாள்களின் போக்குவரத்தும் நகரைப் பெருக்கின. பரதவர் ஊராக அறியப்பட்ட இடத்தில் நாடார் வணிகரும், உள்நாட்டிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளரும், சுமைதூக்குவோரும், உப்பளத் தொழிலாளரும் குடியேறினர்.

வணிகத்தால் உயர்ந்த நாடார் சமூகம் கோயில் நுழைவையும் தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமையையும் கோரியது. எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட கழுகுமலையில் தேரோடும் வீதியைப் பற்றிய வழக்கு நீண்டது. நாடார்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கம் தழுவினர். 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் ஜமீன் மேலாளர் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். நாடார் வீடுகள் எரிக்கப்பட்டன. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் ராபர்ட் ஹார்டுகிரேவ் தம் நாடார் வரலாற்றாய்வில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவலும் இவற்றைக் களமாகக் கொண்டது.

1899க்குப் பின் கலவரம் நிகழ்ந்த இடங்களில் தண்டக்காவல் நிறுத்தப்பட்டது. இங்கு ஒரு முரண் கவனத்திற்குரியது. நீதிமன்றங்கள் குற்றத்தைத் தனிமனிதரிடம் தேடின. சாட்சியங்களை ஆராய்ந்து தண்டனை விதித்தன. அதே காலத்தில் நிருவாகம் அதே குற்றத்தை ஊரின்மேல் ஏற்றிச் செலவைப் பங்கிட்டது. ஒரே நிகழ்வுக்கு இருவகைப் பொறுப்புகள் வரையப்பட்டன.

3. 1908: ஊரைத் தண்டித்த வரி

தூத்துக்குடி நகரம் முழுவதும் கூட்டுத்தண்டத்தை நேரடியாக அறிந்தது 1908இல் ஆகும். அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். மார்ச் 12 அன்று அவர்கள் சிறைப்படுத்தப்பட, மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மக்கள் எழுந்தனர். திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். பல சாதியினரும் தொழிலினரும் எழுச்சியில் பங்குகொண்டதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு காட்டுகிறது.

எழுச்சியை அடுத்து இந்நகரங்களில் தண்டக்காவல் நிறுத்தப்பட்டு அதன் செலவு வரியாக விதிக்கப்பட்டது. மக்கள் அதனைத் திமிர்வரி என்றனர். எழுச்சியில் ஈடுபட்டவர், கடையடைத்தவர், வீட்டுக்குள் இருந்தவர் என்னும் வேறுபாட்டை வரி அறியவில்லை. எனினும் அதற்கு அரசாணை இருந்தது, கணக்கு இருந்தது, இன்னாரிடம் இவ்வளவு என்னும் பட்டியல் இருந்தது. எனவே அதனை எதிர்த்து விண்ணப்பிக்கவும் செய்தித்தாளில் எழுதவும் பொதுமேடையில் வாதிடவும் முடிந்தது.

1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் இக்கருத்தை மேலும் ஒருபடி கொண்டுசென்றது. வட இந்தியாவில் 1871 முதல் வழங்கிய இச்சட்டம் இவ்வாண்டில்தான் சென்னை மாகாணத்திற்கு வந்தது. ஊரின்மேல் இருந்த பொறுப்பு பிறப்பின்மேல் சுமத்தப்பட்டது. காவலைத் தொழிலாகக் கொண்டிருந்த கள்ளர், மறவர் சமூகங்களின் பிரிவுகளே கைரேகைப் பதிவுக்கும் இரவுக் கண்காணிப்புக்கும் ஆளாயின. கூட்டுப்பொறுப்பு ஒரு குறிப்பிட்ட சாதிக்கு எதிரானதாக மட்டும் இயங்கவில்லை என்பதற்கு இது தக்க சான்று. சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

4. கொடியன்குளம், 1995

1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகமும் அதைச் சார்ந்த தொழில்களும் கிராமப்புற இளைஞருக்கு வேளாண்கூலிக்கு வெளியே வேலை தந்தன. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணம் சில ஊர்களில் கல்வீடாகவும் வாகனமாகவும் கல்வியாகவும் மாறியது. ஒட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியன்குளம் அத்தகைய ஊர்களுள் ஒன்று. தேவேந்திரகுல வேளாளர் மிகுதியாக வாழும் ஊர் இது.

1995 ஜூலை இறுதியில் வீரசிகாமணியில் பேருந்து ஒன்றில் எழுந்த தகராறு தென்மாவட்டங்களில் தொடர் மோதலாகப் பரவியது. ஆகஸ்டு 31 அன்று ஏறத்தாழ 600 காவலர் கொடியன்குளத்தில் நுழைந்தனர். குற்றவாளிகளையும் ஆயுதங்களையும் தேடிச் சென்றதாகக் காவல்துறை கூறியது. வீடுகள் உடைக்கப்பட்டதையும், நகையும் பணமும் பறிபோனதையும், தொலைக்காட்சிப் பெட்டிகளும் வாகனங்களும் நொறுக்கப்பட்டதையும், கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டதையும், கிணற்று நீரில் நஞ்சு கலக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் பதிவுசெய்துள்ளன.

அழிக்கப்பட்டவற்றின் தன்மை இங்குக் கருதத்தக்கது. தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்கக் கடவுச்சீட்டை எரிக்க வேண்டியதில்லை. சான்றிதழும் கடவுச்சீட்டும் அவ்வூரின் நிலைமாற்றத்திற்கு வழியாக அமைந்த பொருள்கள். கிணறு ஊர் முழுவதற்கும் பொதுவானது. அன்று தண்டம் ஊரின்மேலும் அதன் வளர்ச்சியின்மேலும் விழுந்தது.

1908உடன் ஒப்பிடும்போது மற்றொரு வேறுபாடு புலனாகிறது. கொடியன்குளத் தண்டத்திற்கு அரசாணை இல்லை, பட்டியல் இல்லை, பங்கீடும் இல்லை. 1949இல் உருவான நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, போர்க்காலத்தில் பகை நாட்டுக் குடிமக்கள்மீதுகூடக் கூட்டுத்தண்டனை விதிப்பதைத் தடைசெய்கிறது. இந்திய அரசமைப்பும் சட்டத்தின்முன் ஒவ்வொருவரும் தனித்த சமநிலையினர் என்கிறது. ஆகவே கூட்டுத்தண்டம் வெளிப்படையாக நிகழ இயலாது. தேடுதல் என்னும் பெயரில்தான் நிகழ முடியும். அவ்வாறு நிகழும்போது மேல்முறையீட்டுக்கு உரிய ஆணை எதுவும் இருப்பதில்லை. நிகழ்ந்தது என்பதையே பாதிக்கப்பட்டோர் முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நீதிபதி கோமதிநாயகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஊர்மக்களோ அரசின் நிவாரணத்தை ஏற்க மறுத்து மத்தியப் புலனாய்வு விசாரணை கோரினர். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஒட்டப்பிடாரம் தொகுதியில் க. கிருஷ்ணசாமி பெற்ற வெற்றி, இம்முறையீடு அரசியல் வடிவம் பெற்றதைக் காட்டியது.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி மீண்டும் மோதல் மூண்டது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஒரு பெயரை எதிர்த்த வன்முறைக்கு எல்லாப் பெயர்களையும் நீக்கியதே விடையாயிற்று.

5. 2018: நகரம் முழுவதும்

2018 மே 22 அன்று தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில், அன்றும் மறுநாளுமாக 13 பேர் உயிரிழந்தனர். இது சாதி மோதலன்று. மீனவர், வணிகர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலர் கூடிய போராட்டம். எனினும் அடுத்து வந்த நடவடிக்கைகள் பழைய வடிவத்தை நினைவூட்டின. குடியிருப்புகளில் இரவுத் தேடுதல் நடந்தது. பிடிபட்ட இளைஞர் வல்லநாட்டிலுள்ள காவல்துறைத் துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் அடைக்கப்பட்டிருந்தது நீதித்துறை நடுவரின் ஆய்வில் வெளிப்பட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. குற்றத்தோடு தொடர்பற்ற பல்லாயிரவர் ஒரே ஆணையால் கட்டுண்டனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல் அதிகாரிகள் பலர்மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. பரிந்துரை பெயர் குறித்து அமைந்தது முக்கியமானது. பொறுப்பு மீண்டும் தனிமனிதரிடம் வந்து சேர்ந்தது.

6. சட்டத்தில் எஞ்சியுள்ள கூட்டுத்தண்டம்

கூட்டுத்தண்டம் சட்டத்திலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 10அ பிரிவு, தீண்டாமைக் குற்றத்தில் ஈடுபடும் அல்லது அதற்கு உடந்தையாகும் பகுதி மக்கள்மீது கூட்டு அபராதம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தன் 16ஆம் பிரிவால் அவ்விதியை ஏற்கிறது. ஆதிக்கத்தைக் குலைக்கும் நோக்கில் அதே கருவி இங்குத் திருப்பப்பட்டுள்ளது.

எனினும் இதில் வரம்புகள் உள்ளன. முன்விசாரணை வேண்டும், அறிவிக்கை வேண்டும், அப்பகுதியில் பறையறைந்து தெரிவிக்க வேண்டும், விலக்குக் கோரி விண்ணப்பிக்க உரிமை உண்டு, விண்ணப்பம் முடிவாகும்வரை வசூல் கூடாது. கூட்டுப்பொறுப்பை ஏற்கும் சட்டமே அதற்கு இத்தனை வாயில்களை வைத்திருக்கும்போது, எந்த வாயிலும் இன்றி ஒரே நாளில் ஓர் ஊர்மேல் விழுந்த தண்டத்தின் கடுமை மேலும் தெளிவாகிறது.

முடிவுரை

தூத்துக்குடி வட்டாரத்தில் காவற்கூலி தண்டவரியாகவும், தண்டவரி ஆணையில்லாத் தண்டமாகவும் மாறிய போக்கை மேற்கண்ட நிகழ்வுகள் காட்டுகின்றன. கழுகுமலையில் வணிகத்தால் உயர்ந்தோர், 1908இல் ஆலைத் தொழிலாளர், கொடியன்குளத்தில் வெளிநாட்டு வருவாயால் நிமிர்ந்தோர் என, நிலை மாறிக்கொண்டிருந்த மக்களைச் சுற்றியே கூட்டுப்பொறுப்பு செயற்பட்டுள்ளது. மாற்றத்தை அமைதிக்குலைவாகக் காணும் நிருவாகப் பார்வை இதன் அடிப்படை எனலாம்.

திமிர்வரி அநீதியானது; ஆயினும் அதன் கணக்கு ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. கொடியன்குளத்தில் தண்டித்தவர் கணக்கு எழுதவில்லை. இழந்தவர் கையிலிருந்த ஆவணங்களும் அழிந்தன. எனவே அண்மைக்காலக் காவல் வரலாற்றை எழுத முனைவோர் அரசு ஆவணங்களோடு நின்றுவிடாமல், ஊர்மக்களின் வாய்மொழிச் சான்றுகளையும் உண்மையறியும் குழுக்களின் அறிக்கைகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது இன்றியமையாதது. அச்சாட்சிகளின் தலைமுறை முதுமை எய்திவரும் நிலையில், இப்பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்கது.