கடை போட இடம் ரெடி... அந்த நிலம் எந்த மண்டலம்னு பார்த்தீங்களா?

மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். மனசில் கட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால், அதே ஊரில் இன்று ஒரு சூப்பர் மார்க்கெட் கட்ட நினைத்தால், செங்கல் இறக்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும்: ``இந்த நிலம் எந்த மண்டலம்?''

சென்னை புறநகர் ரயில், திருவள்ளூர் நெடுஞ்சாலை, பக்கத்திலேயே 2024-ல் திறக்கப்பட்ட பட்டாபிராம் டைடல் பார்க் என எல்லாம் சேர்ந்து இந்தப் பக்கம் கூட்டத்தை இழுக்கின்றன. பேரூராட்சியாக இருந்த ஊர் இப்போது நகராட்சி. மெயின் ரோட்டில் காலி இடத்தைப் பார்த்தாலே, `இங்க ஒரு ஷோரூம் வந்தா செமயா ஓடும்'னு தோணும். அங்கேதான் கவனம் தேவை.

பட்டா இருந்தால் போதாதா?

போதாது. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது, சி.எம்.டி.ஏ-வின் முழுமைத் திட்டம். திருநின்றவூரும் அதற்குள் வருகிறது. 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், 2026-ஐ இலக்காக வைத்து நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் எனப் பிரித்திருக்கிறது. தெருமுனை மளிகைக்கடை போன்றவற்றுக்குக் குடியிருப்பு மண்டலத்திலேயே இடம் உண்டு. பெரிய கடை என்றால் கதை வேறு.

மண்டலம் பொருந்தாவிட்டால் திட்ட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாமல் கட்டினால் சீல் வைக்கலாம். நிறைவுச் சான்று இல்லாத பெரிய வணிகக் கட்டடத்துக்கு மின் இணைப்பு வாங்குவதும் சிக்கல். அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்கு எடுத்தவர்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்.

மாற்றவே முடியாதா?

முடியும். நிலத்தின் உரிமையாளர் வகைப்பாடு மாற்றத்துக்கு சி.எம்.டி.ஏ-விடம் விண்ணப்பிக்க வேண்டும். நேரில் ஆய்வு நடக்கும். பிறகு நாளிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபனை சொல்ல 21 நாள் அவகாசம். அதற்குப் பிறகு தொழில்நுட்பக் குழு, அதன்பின் ஆணையத்தின் முடிவு. ஒப்புதல் கிடைத்து, அரசிதழில் வெளியானால்தான் மாற்றம் செல்லும். இது கட்டட அனுமதி இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சுற்று?

மும்பையைப் பாருங்கள். லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் ஓடிய இடம் இன்று மால். மில் நிலத்தை வேறு வேலைக்குத் திறந்துவிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதிதான் உரிமையாளருக்கு என்றது 1991 விதி. 2001-ல் ஒரு திருத்தம் வந்தது. `கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கீடு' என்றானது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. விதியில் சில வார்த்தைகள் மாறியதில், ஊருக்குக் கிடைக்க வேண்டிய பூங்காவும் வீடுகளும் பெருமளவு கைநழுவின.

தொழில் நிலம் ஒருமுறை மாலாக மாறினால், அங்கே மறுபடி லேத் பட்டறை வருவது ரொம்பவே அபூர்வம். கடையும் வேலை தரும்தான். ஆனால் ஐ.டி.ஐ படித்த ஃபிட்டருக்குத் தேவையான வேலை பில்லிங் கவுன்ட்டரில் இல்லையே!

திருநின்றவூருக்கு இன்னொரு கவலை, ஏரி. 2021 நவம்பர் மழையில் ஏரித் தண்ணீர் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. மழைநீர் இறங்கும் மண்ணை பார்க்கிங்குக்காக கான்கிரீட் போட்டு மூடினால், அந்தத் தண்ணீர் அடுத்த தெருவைத்தான் தேடிப் போகும்.

நீங்க என்ன செய்யலாம்?

கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு சர்வே எண்ணைக் கேளுங்கள். சி.எம்.டி.ஏ இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு மண்டலத்தைப் பாருங்கள். `மாத்திடலாம் தம்பி, பார்த்துக்கலாம்' என்று புரோக்கர் சொன்னால், அரசிதழ் அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தெருப் பக்கம் வகைப்பாடு மாற்ற அறிவிப்பு வந்தால், அந்த 21 நாளை விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் எங்கே போகிறது, லாரி எந்தத் தெருவில் திரும்பும் என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அதை எழுத்தில் கொடுங்கள். 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. அடுத்த 20 வருடத்துக்கு உங்கள் ஊரில் எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எங்கே ஏரி என்பதை அதுதான் சொல்லப்போகிறது. வரைவு வெளிவந்ததும், முதலில் உங்கள் சர்வே எண்ணைத் தேடுங்கள்!