கடைசிக் குடம்

என் மகளுக்கு 29 வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் லீவில் வந்தவளிடம் ஒரு நல்ல வரன் பற்றிச் சொன்னேன். "வேண்டாம்மா" என்றாள். "யாரையாவது விரும்பினா சொல்லு, நாங்க தடை சொல்ல மாட்டோம்" என்றேன்.

"காதலாவது ஒண்ணாவது! போன வாரம் வரைக்கும் ஸ்டேட்டஸ்ல ஜோடியா போட்டோ போட்டவங்க, இந்த வாரம் வக்கீலைத் தேடுறாங்க. நிலைச்ச காதல் எல்லாம் சினிமாவுலதாம்மா" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் 1994-ல் காதலித்து மணந்தவர்கள். வேறு வேறு மதம். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெரிந்தவர் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று அத்தனை நாளும் வயிற்றில் புளியைக் கரைத்தது. "எங்களைப் பார்த்துமா இப்படிச் சொல்றே?" என்றேன்.

"உங்களைப் பார்த்துத்தாம்மா சொல்றேன். நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது மூணு மாசம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலை. 'அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு'னு என்னைத்தானே தூது விட்டீங்க?"

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அது 2003. என் கணவர் என்னைக் கேட்காமல் என் வளையல்களை நண்பருக்காக அடகு வைத்தார். அவை மூழ்கிப் போயின. பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். ஆனால் பிறந்த வீட்டில் கதவைச் சாத்தி ஒன்பது வருடம்!

மகள் அறியாதது ஒன்று உண்டு. அப்போது சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். மெட்ரோ வாட்டர் லாரிதான் கதி. எனக்கோ தீராத இடுப்பு வலி. பேச்சு இல்லாத அந்த மூன்று மாதமும் அவர் விடிகாலையில் வரிசையில் நின்று, ஆறு குடம் தண்ணீரை இரண்டாவது மாடிக்குச் சுமந்து வருவார். கடைசிக் குடத்தை மட்டும் சமையல் மேடை மேல் ஏற்றி வைப்பார், நான் குனியாமல் மொண்டுகொள்ள. ஒருநாள் படியில் வழுக்கி, முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றார், குடத்தைக் கீழே விடாமல். "வெச்சுட்டு வாங்க, மருந்து போடறேன்" என்றேன். அதுதான் முதல் வார்த்தை. அன்றிரவு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

தண்ணீர் சுமந்ததால் தப்பு சரியாகிவிடாது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவரோடும், கை நீட்டுகிறவரோடும் பொறுத்துப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்குள் மிச்சம் இருந்ததைக் காட்டியது அந்தக் குடம், அவ்வளவுதான்.

மறுநாள் இதை மகளிடம் சொன்னேன். "ஏம்மா இத்தனை வருஷமா சொல்லலை?" என்றாள்.

உண்மைதானே, சகோதரிகளே! சண்டையைப் பிள்ளைகள் முன்னால் போடுகிறோம். சமாதானத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம். பாதிக் கதையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நம்பிக்கை இல்லை என்று காலத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

வரனுக்கு அவள் இன்னும் சரி சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஊருக்குப் போனதும் அவள் அப்பாவுக்குப் போன் செய்து கேட்ட முதல் கேள்வி, "அப்பா, முழங்கால் எப்படி இருக்கு?"

- ஒரு வாசகி, சென்னை.